மூக்கையூரில் கேபிளைப் பிடுங்கினேன்

ஏழு இடம். பத்தொன்பது ஆக்சஸ் பாயிண்ட்.
கூரையில் கவிழ்த்து ஒட்டிய சோற்றுத்தட்டு மாதிரி,
நடுவில் பச்சையாய் ஒரு கண்.
தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன்,
ஏர்வாடி, மூக்கையூர்,
அப்புறம் கீழக்கரையில் காசிம் மரைக்காவின் ஆபீஸ்.
அங்கே ஏ.சி. உண்டு.
மற்ற இடங்களில் ஐஸ் உண்டு.

எந்தத் தட்டு எந்த அலைவரிசையில் பேசுவது,
யாரை உள்ளே விடுவது,
எடைமேடைக்கு முதல் வழி, யூடியூபுக்குக் கடைசி வழி
என்றெல்லாம் சொல்ல ஒரு தலை வேண்டும்.
கன்ட்ரோலர் என்பார்கள்.
பார்த்து எடுக்கும் பொறுப்பு எனக்கு.
வலை என்ற சொல்லை வைத்து
நான் சிலேடை பண்ணப் போவதில்லை.
இந்தக் கரையில் அது கடனுக்கு வாங்குகிற சாமான்.

மதுரையிலிருந்து கிருத்திவாசன் வந்தார்.
திரையில் ஒரு மேகம், மேகத்திலிருந்து ஏழு கோடு.
"பெட்டியே வேண்டாம் மேடம், எல்லாம் மேலே."
சன்னல் வழியே மேலே பார்த்தேன்.
கச்சான் மணலை வாரிக்கொண்டு போனது.
மேகம் ஒன்றும் இல்லை.

"சந்தா?"
"இன்றைக்குக் கையெழுத்தானால்
வருஷா வருஷம் மே பத்து."
மே பத்து.
விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்,
தடைக்காலத்தின் நடுவயிறு.
மகள் காலேஜ் ஃபீசுக்கே மரைக்கா
தவணை கேட்கிற மாதம்.
"கட்டாவிட்டால்?"
அவர் தண்ணீர் குடித்தார்.
"விளக்கு எரியும் மேடம்."

ஊருக்கு ஒரு தலை என்று முன்பு வைத்திருந்தோம்.
பாம்பன் தலையை உப்பு தின்றது,
பதினான்கே மாதத்தில், போர்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு.
தொண்டி தலைக்கு யாக்கூப்
தன் பேத்தி பெயரைப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டு
ஹஜ்ஜுக்குப் போய்விட்டார்.
நாற்பது நாள்.

ஆகவே கீழக்கரையில் ஒரே பெட்டி,
ஒருமுறை காசு, பிறகு நம்முடையது.
ஆனால் கீழக்கரைக்கும் மூக்கையூருக்கும் நடுவே
யார் யாரோ ரோடு தோண்டுகிறார்கள்.

அதனால்தான் மூக்கையூர்.
விடியற்காலை நாலே முக்கால்.
நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை;
நண்டு வந்துகொண்டிருந்தது, கொஞ்சம் கணவாய்.
எடைமேடையில் ஜெனோவா.
யாரிடமும் சொல்லாமல் கேபிளைப் பிடுங்கினேன்.

முதல் கம்பெனியின் தட்டு
நாற்பது விநாடி பொறுத்தது,
பிறகு எல்லாரையும் மறந்தது.
டேப்லெட்டில் வட்டம் சுற்றியது.
ஜெனோவா கொண்டையிலிருந்து பேனாவை உருவி
"முப்பத்தேழு நானூறு" என்று
மீன்பெட்டி மூடியில் எழுதினாள்.
என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் இரண்டாவது கம்பெனி.
கண் ஆரஞ்சாக மாறியது, அவ்வளவுதான்.
எடைமேடை டேப்லெட்டோடு பேசிக்கொண்டே இருந்தது.
இருபத்திரண்டு நிமிடம் கேபிளைக் கையில் பிடித்தபடி
ஏதோ திருடியவள் போல நின்றேன்.
மாட்டியதும், அதுவரை சேர்ந்த எடையெல்லாம்
ஒன்றுவிடாமல் கீழக்கரைக்குப் போனது.
ஜெனோவா அன்றைக்கும் மூடியில் எழுதினாள்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.

அறிக்கையில் முதல் நிபந்தனையாகப் போட்டேன்:
தலை அகப்படாதபோதும் கை வேலைசெய்ய வேண்டும்.
மரைக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்,
"அப்ப தலை எதுக்கு?"
நியாயமான கேள்வி.
அதற்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கடைசி வரியில்தான் நின்றார்:
பாம்பன் தட்டுக்கு மட்டும் உப்பு தாங்கும் உறை,
எண்ணூற்று நாற்பது ரூபாய்.
"இது கட்டாயமா, ஷமீமா?"
பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக
நெடுநேரம் யோசித்தார்.