மனத்துக்கு ஒதுக்கிய நேரம்

ஒரு விசையை அழுத்தக் கால் நொடி.
விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குக் கை தாவ
அதைவிடக் கொஞ்சம் கூட.
அம்பைக் கொண்டுபோய் ஒரு கட்டத்தில் நிறுத்த
ஒரு நொடியும் சொச்சமும்.
மனம் தயாராவதற்கு
ஒன்று புள்ளி மூன்று ஐந்து.
யாருடைய மனம் என்று அட்டவணை கேட்பதில்லை.

ஔலு நகரம், ஜனவரி.
ஒன்பதரை ஆகியும் விடியவில்லை.
அவசர அழைப்பு நிலையத்தின் மூன்றாம் மாடியில்
துயிரேயின் நாற்காலிக்குப் பின்னால்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் தாள், காதில் இன்னொரு ஹெட்போன்.
புதிய திரை வரப்போகிறது.
பழையது எவ்வளவு நேரம் தின்கிறது என்று
பார்த்துவரச் சொன்னார்கள்.

கணக்கு தப்பவில்லை. அதுதான் ஆச்சரியம்.
தீ, மூச்சு, விழுந்தவர், பனிக்கட்டி உடைந்து ஆற்றுக்குள் போனவர்
என்று எட்டுக் கட்டங்கள்.
பதினாறாக்கினால் தயக்கம் இரட்டிக்கும் என்பீர்கள்.
இல்லை, ஒரு படிதான் ஏறும்.
நான் முன்பே எழுதிவைத்த எண்ணை
அவள் விரல் பின்னால் வந்து நிறைவேற்றியது.
ஜோசியம் பலித்தவள் போல எனக்குக் கூச்சம்.

தெரு, வீட்டு எண், மாடி, கதவுக் குறியீடு:
நினைவு ஒரு சின்னத் தட்டு,
நான்கு சாமானுக்கு மேல் தாங்காது.
அழைத்த பையன் ஐந்தாவதாக
நாயின் பெயரையும் சொன்னான்.
குறியீடு நழுவி விழுந்தது.
"கதவு நம்பரை இன்னொரு தடவை சொல்லுப்பா."
அதையும் எழுதியிருந்தேன்.

தப்பியது கடைசியில்தான்.
அழைப்பை முடிக்கும் பொத்தான்
பெரியது, சிவப்பு,
அம்பு இளைப்பாறும் இடத்துக்குப் பக்கத்திலேயே.
இரண்டு நொடிக்குள் என்று போட்டிருந்தேன்.
ஒன்பது ஆனது.
அடுத்ததற்கு ஏழு. அதற்கடுத்தது பதினொன்று.
அம்பு பொத்தான்மேலேயே நிற்கிறது,
விரல் இறங்கவில்லை.

'களைப்பு' என்று குறித்தேன்.
பிறகு ஹெட்போனைக் கேட்டேன்.
ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. போன் தரையில் கிடக்கிறது.
யாரோ பூட்ஸைத் தட்டிப் பனி உதிர்க்கிறார்கள்.
ஒரு கதவு. ஒரு பெண், "இங்கே, இங்கே."
யாரோ போனை எடுத்து வைக்கும் ஓசை.
அதன் பிறகே துயிரே அழுத்தினாள்.
'களைப்பு' என்பதை அடித்தேன்.

காபி நேரத்தில் கேட்டேன்.
"முதல்ல நான் வைக்கக் கூடாது," என்றாள்.
அவ்வளவுதான். பிறகு,
"அந்த ஏலக்காய் பன் உனக்கு வேணாமா?"

இல்போவுக்கு எண்கள் போதும்.
ஏழு நொடியை அழைப்புகளால் பெருக்கி,
சம்பளத்தால் பெருக்கி,
"மூன்று நொடியில் தானாக முடியட்டும்," என்றார்.
தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிரவு விதியைத் தலைகீழாகப் பிடித்தேன்.
இலக்கு தள்ளிப்போகப் போக, சிறுக்கச் சிறுக்க
கை தாமதிக்கும்.
வேகத்துக்காக எல்லோரும் மனப்பாடம் செய்கிற சூத்திரம்.
தானாக முடிவதை எடுத்தேன்.
பொத்தானைச் சாம்பல் நிறமாக்கி, கடுகாக்கி,
வலப்பக்க மேல்மூலைக்கு அனுப்பினேன்.
மூலையோடு ஒட்டவில்லை. ஒட்டினால்
அம்பு விளிம்பில் முட்டிச் சுலபமாகச் சேர்ந்துவிடும்.
ஒரு விரற்கடை உள்ளே.

காரணம் என்ற இடத்தில்
'கைதவறி அழுத்துவதைத் தவிர்க்க.'
பொய்யில்லை. முழுசுமில்லை.
இல்போ கையெழுத்துப் போட்டார்.

சூத்திரப்படி அவளுக்குக் கிடைத்தது
முக்கால் நொடி.
மிச்ச எட்டையும்
'அம்பு நகர்வு' என்ற பத்தியிலேயே போட்டுவைத்தேன்.
இதுவரை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

மார்ச்சில் புதிய திரை வந்தது.
"எந்த மடையன் இதை இங்க வெச்சான்?
கண்ணுக்கே தெரியல!"
நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
திட்டியபடியே ஊர்ந்துபோனது அவள் அம்பு.
அந்தப் பக்கம்
யாரும் இன்னும் வைக்கவில்லை.