ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

கிழமையில் ஐந்து நாள்
மின்சார சபைக்காக இலக்கங்களைப் படம் எடுக்கிறேன்.
நாளுக்கு நூற்றிருபது மீற்றர்,
நூற்றிருபது படலை,
ஏறக்குறைய அவ்வளவு நாய்.

அதனால் எனக்குத் தெரியும்
கொக்குவிலில் எந்த மதிலுக்குப் பின்னால்
அடுக்குச் செவ்வரத்தை நிற்கிறதென்று.
திருநெல்வேலியில் யாருடைய கிணற்றுக்கட்டில்
ஒன்பதரை வெயில் சரிந்து விழுமென்று.

போன மாசி, தாவடியில்,
நந்தியாவட்டைக்குள் தலையை விட்டு
ஒரு தேன்சிட்டுக்காக மூச்சைப் பிடித்திருந்தேன்.
வீட்டுக்காரி கேட்டா:
"மீற்றர் அந்தப் பக்கம் தம்பி.
பூவிலை என்ன யூனிற் ஓடுது?"
சிட்டு போய்விட்டது.
ஆடிய கிளை மட்டும் படத்தில்.
அழிக்கவில்லை.
ஆட்டம் நல்ல ஆட்டம்.

கார்த்திகையில் வேலி ஏறி
நுனியில் மஞ்சளும் சிவப்புமாய்ச் சுருளும் அந்தப் பூவையும்
எடுத்திருக்கிறேன். தனிக் கோப்பு.
கோப்புக்குப் பெயர் வைக்கவில்லை.

கமரா மூன்றாம் கை.
சுன்னாகத்தில் கலியாண வீடுகள் எடுத்த ரெஜினோல்ட்
வீடியோவுக்கு மாறியபோது
தவணைக்குத் தந்தது.
எத்தனையோ தாலி பார்த்த கண்
இப்போது கல்லுண்டாய் வெளியில்,
என் முழங்கால் சேற்றில் புதைய,
உள்ளானைப் பார்க்கிறது.
கொஞ்சம் திகைத்திருக்கும்.
யாரும் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு தூசி இருக்கிறது.
எங்கே திருப்பினாலும்
வலது மேல் மூலையில் ஒரு சாம்பல் புள்ளி.
மதிலில் விழுந்தால் தெரியாது.
பூவில் விழுந்தால் எறும்பு.

கோட்டைக்குப் போவது பின்னேரம் நாலரைக்கு.
எல்லோரும் கடலைப் பார்க்க
நான் கடலுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்ப்பேன்.
ஒல்லாந்தன் அடுக்கிய முருகைக்கல்.
வில்லையை அணைத்துக் கொண்டுபோனால்
கல்லுக்குள் பூ, பூவாய்,
ஒருகாலம் நீருக்குள் விரிந்து மூடியவை.
இடைக்கிடை வேறு துளைகளும் உண்டு,
கடல் போடாதவை.
அவற்றுக்கும் அதே வெளிச்சம்தான் கொடுத்தேன்.

முந்தி இந்தச் சுவரை நோக்கிக் கமரா தூக்கினால்
அடையாள அட்டை கேட்பார்கள்.
இன்று ஒரு காதல்சோடி மட்டும் கேட்டது:
"அண்ணை, எங்களையோ எடுக்கிறியள்?"
"இல்லைத் தங்கச்சி, கல்லைத்தான்."
நம்பவில்லை.
குடையை விரித்துக்கொண்டார்கள்.
அந்தக் குடையும் வந்துவிட்டது ஒரு ஓரத்தில்,
நாவல் நிறம்,
கல்லுக்கு அது வேண்டித்தான் இருந்தது.

மண்டைதீவுத் தாம்போதிப் பக்கம்
பூநாரைகள் இறங்கிய கிழமை
இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து
அவை எழும்பும்போது எடுத்தேன்.
இரவு, மகளின் கொப்பிகளுக்கு உறை போட்டபடி
நிரோஜினி திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
"பதினேழு."
பதினாறு, என்றேன். கடைசி தூசி.
"அதுதான் நல்லா உயரப் போகுது" என்றாள்,
பசைக் கையோடு.

கொழும்பில் துடைக்கலாம், ஏழாயிரம்.
மார்கழிச் சம்பளத்தில் ஒதுக்கினேன்.
பிறகு தண்ணி மோட்டர் எரிந்தது.

வெள்ளிக்கிழமை கந்தோரில்
என் படம் ஒன்றைத் திருப்பித் தந்தார்கள்:
இலக்கம் தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்.
பார்த்தேன்.
மீற்றர்க் கண்ணாடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி,
கடைசி இரண்டு இலக்கத்தையும் மூடி,
செட்டையை முழுதாக விரித்து.
எடுத்தது நான்தான்.
எடுத்தபோது இலக்கத்தை நான் பார்த்தேனா
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாளை திங்கள். இணுவில், அதே வீடு.
பூச்சி இருக்காது.
யூனிற் கூடியிருக்கும்.