கூட்டாமல், குறைக்காமல்

எல் ஆல்டோவில், தேவாலயத்தின் நிலவறையில்,
ஒற்றை ஹீட்டருக்கு நாங்கள் மூன்று பேர்.
பிள்ளைகளின் ஸ்பானியத்தை நான் ஆங்கிலமாக்குகிறேன்,
புரவலர்களின் ஆங்கிலத்தை ஸ்பானியமாக்குகிறேன்.
சுவரில் விதிகள் ஒட்டியிருக்கும்:
முகவரி கேட்கக் கூடாது.
பணம் கேட்கக் கூடாது.
மூன்றாவது எனக்கு:
கூட்டாதே, குறைக்காதே.

வடக்கு டகோட்டாவிலிருந்து ஆர்லீன் டோலெஃப்சன்
ஆறு வருடமாக வில்மர் தார்க்கியைத் தாங்குகிறார்.
மாதம் முப்பத்தெட்டு டாலர்.
பள்ளிக்கு, பல் வைத்தியத்துக்கு,
ஒரு கிறிஸ்துமஸுக்கு மெத்தைக்கும்.
வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் திட்டத்தில் சேரலாம்.
மெத்தைக்கு அது தெரியாது,
தங்கைகள் இருவரும் அதிலேயே
குறுக்குவாட்டில் படுக்கிறார்கள்.

மார்ச்சில் எழுதியிருந்தார்:
அன்புள்ள வில்மர், டியூக் நேற்று இறந்துவிட்டான்.
பதினாலு வயது. ஆப்பிள் மரத்தடியில் புதைத்தேன்.
மண் உறைந்து கிடந்ததால்
பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரை கொண்டுவந்தார்.

ஐந்து புகைப்படங்களில் மட்டுமே பார்த்த நாய்க்காக
வில்மர் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான்.
பழுப்பு கிரேயானில் வரைந்தான், முதுகில் இறக்கை வைத்து.
கீழே எழுதினான்:
செத்தவர்களைக் கறுப்பு நாய்தான்
ஆற்றைக் கடத்திவிடும் என்கிறாள் அம்மா.
டியூக் பழுப்பு, ஆனாலும் நீந்தும்.
பாஸ்டருக்குப் பிடிக்காத வரி.
குறைக்கவில்லை நான்.

ஜூனில் எழுதியிருந்தார்:
அன்புள்ள வில்மர், டியூக் நேற்று இறந்துவிட்டான்.
அதே ஆப்பிள் மரம். அதே கடப்பாரை.
உறைந்த மண்.
ஜூனில் உறைவது எங்கள் மண், அவருடையதல்ல.
தபாலில் ஏதோ குழப்பம் என்று தேதியைப் பார்த்தேன்.
தேதி சரிதான்.
எழுத்துதான் கோட்டிலிருந்து
சரிந்து சரிந்து இறங்கியிருந்தது.

தலைமையகத்துப் படிவத்தில்
‘பிற குறிப்புகள்’ என்ற கட்டத்தில் எழுதினேன்:
இவரை யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.
பதில் வந்தது:
நன்றி. புரவலரின் கணக்கு ஒழுங்காக உள்ளது.
உண்மைதான்.
ஐந்தாம் தேதி தவறாமல் பணம் வந்துகொண்டிருந்தது.

ஆகஸ்டில் மூன்றாம் முறை இறந்தான் டியூக்.
அந்தக் கடிதத்தை நான்கு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.
அதற்குப் பெயரும் குறைத்தல்தானே.

சனிக்கிழமை வந்தான் வில்மர்,
அம்மாவின் அப்பிப் பானையைக் கழுவிய கையில்
கிராம்பு வாசம்.
படித்துக் காட்டினேன்.
முடித்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை.
எனக்குத்தான் பொறுக்கவில்லை,
“மறுபடியும் வரையணுமா என்ன?” என்றேன்.
முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
“அவங்களுக்கு இப்பத்தானே செத்திருக்கு.”
விரல்நகம் அளவே மிஞ்சிய கிரேயானைப் பிடித்து
இறக்கையிலிருந்து தொடங்கினான்.

அக்டோபர் கடிதம் மெலிந்திருந்தது.
அன்புள்ள வில்மர், ஒரு சந்தோஷச் செய்தி!
ஹெரால்டும் நானும் இன்று
ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தோம்.
காரிலேயே சிறுநீர் கழித்துவிட்டது.
டியூக் என்று பெயர் வைக்கலாம் என்கிறார்.

கோப்பை எடுத்துப் பார்த்தேன்.
ஆறு வருடத்துக்கு முன்பே
‘விதவை’ என்ற கட்டத்தில் சிறிய குறி.

மொழிபெயர்த்தேன்.
கார், சிறுநீர், ஹெரால்ட்,
ஆச்சரியக்குறி உட்பட.

வில்மர் நாற்காலியில் மண்டியிட்டு எழுதினான்:
அன்புள்ள ஆர்லீன்,
ராத்திரி குட்டியை வெளியே விடாதீர்கள், குளிரும்.
பழைய கம்பளி இருந்தால் அதில் சுற்றுங்கள்.
ஹெரால்டுக்கு என் வணக்கம்.

பிறகு படம்.
நாலு கால், பெரிய காது, இறக்கை இல்லை.
முழுக்கக் கறுப்பு.
நான் நிமிர்ந்து பார்த்ததும்
பெட்டியைச் சாய்த்துக் காட்டினான்:
“பழுப்பு தீர்ந்துபோச்சு.”