நூற்று அறுபத்திரண்டாவது ஆட்டம்

அஸ்தம்பட்டியில், நூருல்லாவின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஆறு பேர், ஒரு பழைய லேப்டாப்.
எங்களில் ஒருவர்கூட
பேஸ்பால் பந்தைக் கையால் தொட்டதில்லை.
தையல் சிவப்பு என்று படத்தில் பார்த்ததோடு சரி.

ஆனாலும் ஏப்ரலிலிருந்து தினம் ஓர் ஆட்டம்.
குகைக் கொலுசுகள். சூரமங்கலம் கூட்ஸ் வண்டிகள்.
என்னுடையது அடிவாரக் குரங்குகள்:
ஐம்பத்தொன்பது வெற்றி, நூற்று இரண்டு தோல்வி.
குரங்குகளே வெட்கப்படும்.

வீரர்களை லேப்டாப் பெற்றுப்போட்டது,
வயது, வலக்கையா இடக்கையா, முழங்கால் வலி உட்பட.
பெயர் வைத்தது மட்டும் நாங்கள்.
பெயர்கள் தீர்ந்துபோன இரவில் முனிரத்தினம்
தன் கல்யாண மொய் நோட்டை எடுத்துவந்தார்.
அப்படி என் அணிக்கு வந்தவர்தான்
பச்சையப்பன், ஓமலூர், ரூபாய் ஐம்பத்தொன்று.
முப்பத்தொன்பது வயதுப் பிட்சர்.
இந்த சீசனோடு ஓய்வு என்று
திரையின் மூலையில் சின்னதாக எழுதியிருந்தது.

கடைசி நாள்.
நாலாவது இடம் மட்டும் காலி.
செங்கோடன் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு
தட்டுவடை செட்டைக் கையில் வைத்தபடி தின்னாமல் நிற்கிறான்.
ஜெசிந்தா என்னை ஜெயித்தால் அந்த இடம் அவளுக்கு.
தோற்றால் அவனுக்கு.
எனக்கு எதுவும் இல்லை.

எதுவும் இல்லாதவள் கையில்தான் எல்லாம் இருந்தது.

ஜெசிந்தா ஏற்காட்டில் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவள்.
போன மார்ச்சில் என் ஆபரேஷனுக்கு
மூன்று இரவு என் கட்டிலடியில் படுத்தவள்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், சுலபம்.
மழைக்கோட்டை மடித்தாள், பிரித்தாள்,
மறுபடி மடித்தாள்.

யாரை இறக்கப்போகிறாய் என்றது திரை.
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான்,
எறிந்தால் பந்து வேலி தாண்டிவிடும்.
அவனைப் போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்,
சின்னப் பசங்களுக்கு வாய்ப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.
விரல் அவன் பெயர்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

பச்சையப்பனை அழுத்தினேன்.

மற்ற நாளில் பதினோரு விநாடியில் முடிகிற ஆட்டம்.
இன்று ஒவ்வொரு பந்தாக ஓடவிட்டோம்.
வெளியே இடி. ஒருமுறை கரண்ட் போய்
லேப்டாப் தன் பேட்டரியில் தனியாக ஆடியது,
ஆறு முகத்திலும் பச்சை வெளிச்சம்.
எட்டு இன்னிங்ஸ், அவர் ஒரு ரன் கூடத் தரவில்லை.
என் குரங்குகள் எப்படியோ ஒன்று எடுத்திருந்தன.
ஒன்பதாவதில் ஜெசிந்தாவின் ஆள் மூன்றாவது மூலையில்,
வீட்டுக்கு இன்னும் தொண்ணூறு அடி.
நூருல்லா ஸ்டேப்ளரைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பந்து மேலே போனது என்று எழுதியது திரை.
பிறகு ஒரு நிமிடம் யோசித்தது, அல்லது எனக்கு அப்படிப் பட்டது.
பிடிபட்டது என்று எழுதியது.

செங்கோடன் கத்தவில்லை.
ஒரு தட்டுவடையை ஜெசிந்தா பக்கம் நீட்டினான்,
அவள் வாங்கிக்கொண்டாள், காரச் சட்னி
மழைக்கோட்டில் சொட்டியது.
நேரமாச்சு, மலையில மண்ணு சரியும் என்றாள்.
வண்டிச் சத்தம் ஏற்காடு ரோட்டில் தேய்ந்தது.

எல்லோரும் போன பிறகு திரை கேட்டது:
அடுத்த சீசனுக்குப் போகலாமா?
அழுத்தினால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும்,
சிலர் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.
மூடிவைத்தேன்.

பத்தேகாலுக்கு போன்.
பின்னால் மழை, பூச்சிகளின் சத்தம்.
பதினாலாவது வளைவுல நிக்கறேன், மரம் விழுந்து கெடக்கு,
வெட்டிட்டிருக்காங்க என்றாள்.
கொஞ்ச நேரம் ரம்பச் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டோம்.

ஏண்டி, அந்தாளுக்கு என்ன வயசு?

முப்பத்தொன்பது.

நம்ம வயசு, என்றாள்.
பிறகு மரத்தை இழுக்கிறார்கள், வைக்கிறேன் என்றாள்.