செலவு முப்பது ரூபாய்

பத்தாம் ஆண்டு மலருக்கு
நிலையத்தின் வரலாறு ஒரு பக்கம் கேட்டீர்கள்,
குத்துவிளக்கில் தொடங்கச் சொல்லி.

விளக்கு ஏற்றினோம், உண்மை.
ஏற்றும்போது கரண்ட் போய்விட்டது.
முதல் பதினேழு நிமிடம்
புதுவயல் கேட்டது எங்கள் மௌனத்தை.

சாத்தப்பன் அரிசி ஆலையின் மாடி அறை.
நாலு சுவரிலும் சாக்கு அடித்து
எதிரொலியைக் கொன்றோம்.
கீழே உமி தள்ளும் இயந்திரத்தைக்
கொல்ல முடியவில்லை;
முதல் வருடத்துத் தெம்மாங்கு அத்தனைக்கும்
அதுதான் தாளம்.

வாடகை இல்லை. ஒரே நிபந்தனை:
காலை ஆறரைக்கு நெல் விலை.
நாட்டுப்பாட்டு நிலையம் என்று பெயர்,
ஊர் எழுந்தது விலைக்குத்தான்.
விலை முடிந்ததும் ரேடியோவை அணைக்கிறார்கள் என்று தெரிந்து
சேவுகன் அதை
இரண்டு கும்மிக்கு நடுவே ஒளித்துவைத்தான்.
பொன்னி என்ன போகிறது என்று காத்திருந்தவர்கள்
வேறு வழியில்லாமல் பாடம் செய்தார்கள்
கும்மியை.

கண்டனூரிலிருந்து இருளாயி வந்தார்.
ஒப்பாரி பதியவேண்டும் என்றோம்.
'பொணம் எங்க?'
இல்லை என்றோம்.
டீ குடித்தார், பஸ் ஏறினார்.
இப்படி மூன்று முறை.
பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது:
கலைஞர் வருகை. பதிவு இல்லை. செலவு முப்பது ரூபாய்.

ஐப்பசி இருபத்திரண்டு, மாலை நாலேகால்.
கம்பத்தில் இடி.
நெல் அவியும் வாசத்தை மீறி
டிரான்ஸ்மிட்டர் கருகிய நாற்றம்.
சாக்கோட்டை வரைக்கும் வெறும் இரைச்சல்.
மறுநாள் கூப்பிடாமலே வந்தார் இருளாயி.
'இப்பத்தான் ஒண்ணு கெடக்கே' என்று
பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து
மாரில் ஒரு தட்டுத் தட்டினார்.

*பத்தூருக்குப் பேசுனியே பெட்டி ராசா
பக்கத்துல சொல்லாமப் போனதென்ன
நெல்லு வெல சொன்ன வாயி
நெருப்பு தின்னு போனதென்ன*

சிரிப்பை அடக்க வெளியே ஓடிய சேவுகன்
திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.
உமி விழுந்துவிட்டது என்றான்.
ஆலைக்கு அன்று விடுமுறை.
செல்போனில் பதிந்தேன், ஏழு நிமிடம் நாற்பது நொடி,
பின்னணியில் தாளமில்லாத
எங்கள் முதல் பதிவு.

ஆறு வாரம் கழித்துப் புதுப் பெட்டி வந்தது.
அது வாய் திறந்து முதலில் பாடியது
பழைய பெட்டியின் ஒப்பாரியை.

அப்புறம் நேயர் விருப்பம் என்றால் அதுதான்.
மித்திராவயலில் காயில் எரிந்த மோட்டாருக்கு ஒருவர்.
விற்றுவிட்ட டிராக்டருக்கு ஒருவர்.
கோட்டையூர் உமையாள் தன் பிறந்தநாளுக்கு.
வார்டு தேர்தலில் தோற்றவர்
பெயர் சொல்லாமல் இரண்டு முறை;
குரல் எங்களுக்குத் தெரியாதா.

உரிமம் புதுப்பிக்கும் படிவத்தில்
நிகழ்ச்சி வகைக்குக் கட்டங்கள்:
கல்வி, சுகாதாரம், வேளாண்மை, பொழுதுபோக்கு.
ஒப்பாரியை எதில் போடுவது?
இரண்டு நாள் பேனாவை மூடித் திறந்து
வேளாண்மையில் குறியிட்டேன்.
நெல் விலை வருகிறதே.

விளக்கேற்றிய படம் கேட்டிருந்தீர்கள்.
இருட்டில் எடுத்தது, ஒன்றும் விழவில்லை.
கருகிய பெட்டியின் படம் உண்டு,
செவ்வந்தி மாலையோடு.
இணைத்துள்ளேன்.