ஜூலை முதல் நாளில்

மின்னல் எச்சரிக்கை விளக்கு சிவப்பாய்ச் சுழன்றால்
துவாஸில் எல்லோரும் கண்டெய்னருக்குள் ஓடுவார்கள்,
சிலர் உறங்க, சிலர் ஊருக்குப் பேச.
நான் சிமெண்ட் பையில் சுற்றிவைத்த
பொது அறிவுப் புத்தகத்தை எடுப்பேன்.
அட்டை போய்விட்டது.
பதினேழாம் பக்கத்தில்தான் தொடங்கும்.
அதற்கு முன்னால் இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

வெயில் நாளென்றால் சாப்பாட்டு நேரம்தான்.
இறங்கி ஏறச் சோம்பி
கிரேன் கூண்டிலேயே சாப்பிடும் சேவுகப்பெருமாள்
வாக்கி டாக்கியில் கேட்பான்:
சட்டத்தின் முன் சமம். எந்தக் கூறு?
ஏ பன்னிரண்டு, பி பதினான்கு,
சி பதினேழு, டி இருபத்தொன்று. ஓவர்.
கீழிருந்து இரண்டு விரல் காட்டுவேன்.
அத்தனை உயரத்திலிருந்து அவனுக்குத் தெரிகிறதா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
சரி என்பான்.
தப்புக்கும் சரி என்றுவிட்டு
சாயங்காலம் லாரியில் திருத்துவான்.

இங்கேயும் தேர்வெழுதித்தான் நிற்கிறேன்.
உயரத்தில் வேலை, சுமை கட்டுதல், சிக்னல்மேன்.
தேறிய அட்டைகள் கழுத்தில் ஆடுகின்றன.
அந்த அறைகளில் யாரும் எப்போது பிறந்தாய் என்று கேட்கவில்லை.
கை நேராக நீள்கிறதா என்று பார்த்தார்கள்.

குரூப் ஒன் அறிவிக்கை வந்த இரவு
மேல்கட்டிலில் படுத்தபடி
கைபேசியில் பக்கம் பக்கமாய்த் தள்ளினேன்.
பட்டம்: இருக்கிறது. அஞ்சல்வழி வரலாறு.
பத்து, பன்னிரண்டு, பட்டம், அதே வரிசையில்.
தமிழ்வழிச் சான்று: இருக்கிறது.
மையம்: மதுரை. விமானக் கட்டணமும் பார்த்தாயிற்று.
வயது:
ஜூலை முதல் நாளில்
முப்பத்தொன்பது நிறைவடைந்திருக்கக் கூடாது.

எனக்கு ஜூன் நான்கில் நிறைகிறது.

இருபத்தேழு நாள்.

பள்ளியில் சேர்த்த அன்று எனக்கு ஐந்து ஆகவில்லை.
தலைமையாசிரியர் விரல் மடக்கி எண்ணி
ஜூன் நான்கு என்று எழுதினார்.
அந்த வகுப்பில் ஒன்பது பேர்
ஒரே நாளில் பிறந்தோம்.
அம்மா மறுக்கவில்லை, மதியச் சோறு கிடைக்குமே.

ஆனால் என் பெயர் மழைச்சாமி.
ஐப்பசியில், கண்மாய் உடைந்த ராத்திரியில் வைத்த பெயர்.
ஜூன் மாதம் எங்கள் பக்கம்
கானலைத் தவிர எதுவும் ஓடாது.
பெயரே சாட்சி சொல்கிறது.
படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம்,
பிறந்த தேதிக்கு ஒரு கட்டம்,
இரண்டும் பேசிக்கொள்ள வழியில்லை.

போன வருடம் எழுதியிருக்கலாம்.
விடுப்புக் கேட்டேன்.
கான்கிரீட் ஊற்றும் வாரம் என்றார் சூப்பர்வைசர்.
நியாயம்தான். அதற்கும் ஒரு நேரம் உண்டு,
தாண்டினால் இறுகிவிடும்.

சேவுகப்பெருமாளிடம் சொன்னேன்.
வெகுநேரம் கரகரப்பு மட்டும் வந்தது.
பிறகு:
குரூப் டூ இருக்குல்ல.
நம்ம வகுப்புக்கு, பட்டம் இருந்தா
உச்ச வயசே கிடையாது. ஓவர்.

துணை ஆட்சியர் இல்லை, ஜீப் இல்லை.
சார் பதிவாளர் கிடைக்கலாம்.
மற்றவர் கொண்டுவரும் காகிதத்தில்
தேதியைப் பார்த்து முத்திரை குத்தும் வேலை.
சிரித்தேன். அவனும் சிரித்திருக்க வேண்டும்,
கூண்டுக் கண்ணாடியில் வெயில் இருந்தது, தெரியவில்லை.

இன்று நாலு மணிக்கு வானம் இருண்டது.
கண்டெய்னர் கூரையில் கல்லெறிவதுபோல் மழை.
ஈரக் கட்டைவிரலைத் திரை ஏற்கவில்லை;
பனியனில் துடைத்து, மறுபடி துடைத்து,
பிறந்த தேதி என்ற இடத்தில்
பூஜ்யம் நான்கு பூஜ்யம் ஆறு என்று
பொய்யைப் பிழையில்லாமல் நிரப்பினேன்.

பக்கத்தில் ஈர பூட்ஸோடு சேவுகப்பெருமாள்,
என் புத்தகத்தை மடியில் விரித்து:
தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவுப் பகுதியில்
அமைந்துள்ள மாநிலம் எது?
ஏ...

சங்கு ஊதிவிட்டது.
விளக்கு அணைந்துவிட்டது.
அவன் ஏணியை நோக்கி ஓடினான்,
நான் கையுறையை மாட்டிக்கொண்டு
கொக்கிக்குக் கீழே போய் நின்றேன்.