முடியின் வேர் வரை

கைஃபெங் நகரில் எங்கள் பள்ளிவாசலுக்குள்
ஆண்களுக்கு வேலையில்லை,
கூரை ஒழுகினால் தவிர.
நான்தான் இங்கே ஆஹொங்.
தொழுகை நடத்துகிறவள் என்றாலும்
தனியே முன்னால் போய் நிற்பதில்லை.
முதல் வரிசையின் நடுவில்
தோளோடு தோளாக.
முட்டிவலி எனக்கும் உண்டு.

முப்பத்தொரு வருடமாக ஒரு வரி ஓதி வந்தேன்.
பாரசீகம் என்பார்கள்.
எங்கள் சீன நாக்குகளில் ஏறியிறங்கி
ஓரம் தேய்ந்துபோன வரி.
ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.
மரணத்தைப் பற்றியதென்று
நானாகவே நினைத்துக்கொண்டேன்.
அம்மா போன குளிர்காலத்தில்
அதைப் பிடித்துக்கொண்டுதான்
படுக்கையிலிருந்து எழுந்தேன்.

ஷா ஹொங்யிங் சிமென்ட் லாரி ஓட்டுகிறவள்.
சேற்றுக் காலோடு வந்தாள், கழுவினாள்,
இரண்டாம் நாளே கேட்டாள்:
"அதுக்கு என்ன அர்த்தம்?"

கெண்டி நீர் கொதிக்கும் சத்தம்.
மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருப்பதில் நாங்கள் தேர்ந்தவர்கள்.
"தெரியாது" என்றேன்.
அந்த அறையில் நான் பேசிய
முதல் வார்த்தை போலிருந்தது.

லான்ஜோவிலிருந்து பழைய அகராதி வந்தது,
சில பக்கங்கள் இல்லாமல்.
மணல் ஏற்றும் இடைவேளைகளில்
லாரியின் முன்னிருக்கையில் விரித்துவைத்து
ஒரு மாலைக்கு ஒரு சொல்.
ஆப் என்றால் நீர்.
மூய் என்றால் முடி.
புன் கிழிந்துபோன பக்கத்தில் இருந்தது.
அதற்கு மட்டும் பன்னிரண்டு நாள்.

*பின்னலை அவிழ்க்க வேண்டாம்,*
*முடியின் வேருக்கு நீர் சேர்ந்தால் போதும்.*

குளிக்கிற விதி!
அவள் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துச் சிரித்ததில்
ஹாரன் அலறியது.
நானும் சிரித்தேன்.
பிறகு முடியவில்லை.
அம்மாவுக்காக அந்த வரியில் அழுததெல்லாம்
யார் விலாசத்துக்குப் போயிருக்கும்?

இரவு தூக்கம் பிடிக்காமல் கிடந்தபோது உறைத்தது:
யாரும் கேட்காமல் இப்படியொரு பதில் வந்திருக்காது.
எவளோ ஒருத்தி,
நெருக்கிப் பின்னிய கூந்தலும்
அடுப்பில் பாதி வெந்த ரொட்டியுமாக,
சட்டம் சொல்கிறவர்கள் நடுவே போய்
தன் தலைமுடியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்:
"ஒவ்வொரு தடவையும் அவிழ்க்கணுமா?"
வெட்கம் இல்லாதவள் அல்ல.
வெட்கத்தோடேயே கேட்டிருப்பாள்.
அவள் பெயர் வரியில் இல்லை.
ஈரம் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வரியை ஓதினேன்.
அர்த்தம் தெரிந்தும்
அதே இடத்தில் தொண்டை அடைத்தது.
செருமிவிட்டு
அடுத்த வரிக்கு வாய் திறக்குமுன்
பின்வரிசையில்
ஹொங்யிங்கின் கை உயர்ந்தது.
பக்கத்தில் இன்னொரு கை.